மார்பக அறுவை சிகிச்சையும் மரப்பு ஊசிகளும்: எது யாருக்குப் பொருந்தும்?

அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்த பிறகு, மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரைப் பார்த்துவிட்டு வரும்படி அனுப்புவார்கள். சென்னையில் அப்படி ஓர் அறையில் மேசைக்கு இந்தப் பக்கம் அமர்ந்திருப்பவள் நான். மார்பகப் புற்றுநோய்க்காக வரும் பெண்களோடு பெரும்பாலும் மகளோ தங்கையோ வருவார். அண்மைக் காலமாக அவர்கள் கையில் ஒரு துண்டுச் சீட்டும் இருக்கிறது. பெக்ஸ், பாராவர்டெப்ரல், எரெக்டர் ஸ்பைனே என்று அதில் பெயர்கள் வரிசையாக எழுதியிருக்கும். "இந்த மூணுல அம்மாவுக்கு எது நல்லது டாக்டர்?" என்று கேட்பார்கள். "அக்குள்ல இருக்கிற நெறிகட்டியையும் எடுக்கப் போறதாச் சொன்னாங்களா?" என்று நான் திருப்பிக் கேட்பேன். பல வீட்டாருக்கு அது தெரிந்திருப்பதில்லை. ஊசியின் பெயருக்கு முன்னால் அந்த விடைதான் வேண்டும்.

மரப்பு ஊசி என்று இங்கே நான் சொல்வது, மருத்துவமனையில் 'பிளாக்' என்று அழைக்கப்படும் ஊசி. வலியை மூளைக்கு எடுத்துச் செல்லும் நரம்புகளின் அருகே மரப்பு மருந்தைச் செலுத்தி, சில மணி நேரத்துக்கு அந்த வழியை அடைத்து வைப்பதே அதன் வேலை. பெரும்பாலோருக்கு இது முழு மயக்கத்துக்கு மாற்றாகப் போடப்படுவதில்லை. முழு மயக்கத்தோடு சேர்த்தே போடப்படுகிறது. இதயமோ நுரையீரலோ முழு மயக்கத்தைத் தாங்காத நிலையில் மட்டும், நல்ல அனுபவமுள்ள குழு, லேசான தூக்க மருந்தோடு ஊசியை மட்டுமே நம்பி அறுவையை முடிப்பதும் உண்டு.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல், வெட்டு எங்கே விழுகிறது என்பது. மார்பகத்துக்கு உணர்ச்சி தரும் நரம்புகள் எல்லாம் ஓரிடத்திலிருந்து வருபவை அல்ல. பெரும்பகுதி, முதுகெலும்பின் அருகே தொடங்கி விலா எலும்புகளுக்கு இடையே ஓடிவரும் இரண்டாவது முதல் ஆறாவது வரையிலான மார்பு நரம்புகளிலிருந்து வருகிறது. அவை விலாப்புறத்தில் ஒரு கிளையும் நெஞ்செலும்பின் ஓரத்தில் ஒரு கிளையுமாகத் தோலுக்கு வந்து சேர்கின்றன. மார்பகத்தின் மேல்விளிம்புக்குக் கழுத்திலிருந்து இறங்கும் நரம்புகள் உண்டு. அடியில் இருக்கும் மார்புத் தசைகளுக்கோ, கைக்குச் செல்லும் நரம்புக் கூட்டத்திலிருந்து கிளைகள் வருகின்றன. அக்குளுக்கும் மேற்கையின் உட்புறத்துக்கும் தனியாக ஒரு நரம்பு செல்கிறது. நெறிகட்டிகளை எடுக்கும்போது அது இழுபடும், சில வேளைகளில் அறுபடவும் செய்யும். ஆகவே ஒரே ஊசி எல்லா வலியையும் அடக்கிவிடும் என்று யாராவது சொன்னால், அது எந்த நரம்பை விட்டுவிடுகிறது என்று கேளுங்கள். விட்டுப்போவது ஒன்று நிச்சயம் இருக்கும்.

இரண்டாவது, ஊசி போடும் கை. அந்த மருத்துவர் எந்த ஊசியை வாரந்தோறும் போட்டுப் பழகியிருக்கிறார், அறுவை அரங்கில் ஊசி போகும் இடத்தைத் திரையில் காட்டும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கருவி இருக்கிறதா என்பவை, புத்தகத்தில் எந்த ஊசி முதலிடத்தில் இருக்கிறது என்பதைவிட முக்கியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மூன்றாவது, நோயாளியின் உடல். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, உடல் எடை என்ன, முதுகெலும்பு வளைந்திருக்கிறதா, ஒருக்களித்துப் படுக்க முடியுமா, மரப்பு மருந்தால் முன்பு ஒவ்வாமை வந்ததுண்டா என்பவை.

நான்காவதைக் குடும்பத்தார் பெரும்பாலும் கேட்பதே இல்லை: இரண்டாம் இரவு நோயாளி எங்கே படுத்திருப்பார்? அடையாற்றிலோ அண்ணாநகரிலோ வீடு இருப்பவரும், வடிகுழாயைப் பையில் வைத்துக்கொண்டு திருத்தணி வரை மின்சார ரயிலில் போக வேண்டியவரும் ஒன்றல்ல. ஊசியின் வீரியம் தீரும் நேரத்தில் யார் அருகில் இருப்பார்கள், எந்த மாத்திரை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் என்பதைத் தெரிவின் பகுதியாகவே கருத வேண்டும்.

## ஊசி இல்லாமல், சொட்டு மருந்தும் மாத்திரையும் மட்டும்

இதை ஒரு குறைபாடாக நினைக்க வேண்டியதில்லை. சிறு கட்டியை மட்டும் எடுத்து, அக்குளைத் தொடாமல் முடிக்கும் அறுவைக்குப் பாராசிட்டமாலும், வயிறும் சிறுநீரகமும் ஒத்துக்கொண்டால் அழற்சி தணிக்கும் வலி மாத்திரையும், மயக்கத்தின்போது ஒருமுறை கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசியுமே பலருக்குப் போதும். எந்த மரப்பு ஊசியைப் போட்டாலும் இவை அடித்தளமாக இருக்க வேண்டும் என்பதே மார்பகப் புற்றுநோய் அறுவைக்கான வலி மேலாண்மை குறித்து ப்ராஸ்பெக்ட் என்ற பன்னாட்டு மருத்துவர் குழு 2020இல் வெளியிட்ட பரிந்துரைகளின் முதல் செய்தி.

பெரிய அறுவையில்தான் இந்த வழியின் மறைமுக விலை தெரியும். மார்பகத்தை முழுதாக எடுத்து அக்குளையும் துப்புரவு செய்யும்போது, அதாவது அங்குள்ள நெறிகட்டிகளை மொத்தமாக எடுக்கும்போது, வலியை அடக்க ஃபெண்டனில், மார்ஃபின், டிரமடால் போன்ற, ஓபியாய்டு எனப்படும் வீரியமிக்க வலி மருந்துகளை நாட வேண்டியிருக்கும். அவற்றோடு குமட்டலும் வாந்தியும் வரும். யாருக்கு வாந்தி வரக்கூடும் என்று கணிக்க 1999இல் ஆப்ஃபெல் என்பவர் வகுத்த எளிய கணக்கு ஒன்றை நாங்கள் அன்றாடம் பயன்படுத்துகிறோம். பெண்ணாக இருப்பது, புகைபிடிக்காதவராக இருப்பது, முன்பு மயக்க மருந்துக்குப் பின்போ பயணத்திலோ வாந்தி எடுத்தவராக இருப்பது, அறுவைக்குப் பிறகு ஓபியாய்டு பெறுவது ஆகிய நான்கும் தலா ஒரு புள்ளி. இரண்டு புள்ளிக்கு ஏறத்தாழ 40 சதவீதம், மூன்றுக்கு 60, நான்குக்கு 80 சதவீதம் பேருக்கு வாந்தியோ குமட்டலோ வரும். நம் ஊர் அம்மாக்கள் பெரும்பாலோர் இரண்டு புள்ளியோடுதான் அறைக்குள் நுழைகிறார்கள். அதனால்தான், "ஊட்டிக்கு மலைப்பாதையில பஸ்ல போனா வாந்தி வருமா?" என்று நான் கேட்கிறேன், மகள்கள் வியப்போடு பார்ப்பார்கள், அம்மாக்கள் உடனே தலையாட்டுவார்கள். அப்படித் தலையாட்டும் ஒருவருக்கு ஓபியாய்டு என்ற ஒரு புள்ளியை மட்டுமே என்னால் கழிக்க முடியும். புது வெட்டுக் காயத்தோடு ஓங்கரித்து வாந்தி எடுப்பவரின் அருகே ஓர் இரவு இருந்தவர்களுக்கு அந்த ஒரு புள்ளியின் மதிப்பு தெரியும்.

## அறுவை மருத்துவரே காயத்தில் போடும் மரப்பு மருந்து

தையல் போடுவதற்கு முன்னாலோ பின்னாலோ, வெட்டின் ஓரங்களில் பியூபிவக்கெய்னையோ ரோபிவக்கெய்னையோ செலுத்துவது இது. தனிக் கருவி வேண்டாம், தனி மருத்துவர் வேண்டாம், நேரமும் அதிகம் ஆகாது. ஆனால் சில மணி நேரமே தாங்கும். ஆழத்தில் இருக்கும் தசை வலியையும் அக்குள் வலியையும் எட்டாது. கட்டியை மட்டும் எடுக்கும் அறுவைக்கு இது நல்ல தெரிவு. மார்பகத்தை முழுதாக எடுக்கும் அறுவைக்கு இதை மட்டும் நம்பியிருப்பதை நான் பரிந்துரைப்பதில்லை.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவது நல்லது. அறுவைக்குச் சில நிமிடங்கள் முன்னால் கட்டியைச் சுற்றி 0.5 சதவீத லிக்னோகெய்ன் என்ற மரப்பு மருந்தைச் செலுத்தினால் புற்றுநோய் திரும்புவது குறைகிறதா என்று மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் தலைமையில் இந்தியாவின் 11 மையங்களில் ஓர் ஆய்வு நடந்தது. 2023இல் வெளியான அதன் முடிவில், ஐந்தாண்டுக்குப் பிறகு உயிரோடிருந்தோர் ஊசி பெற்றவர்களில் 90.1 சதவீதமும் பெறாதவர்களில் 86.4 சதவீதமும் ஆக இருந்தனர். அது வலிக்கான ஊசி அல்ல, நரம்பு பிளாக்கும் அல்ல. உங்கள் அறுவை மருத்துவர் அதைப் போடத் திட்டமிட்டிருந்தால், அதன் அளவையும் சேர்த்தே அன்றைய மரப்பு மருந்தின் மொத்த அளவைக் கணக்கிட வேண்டும் என்பதற்காகவே இங்கே குறிப்பிடுகிறேன்.

## பாராவர்டெப்ரல் பிளாக்

மார்பு நரம்புகள் முதுகெலும்பிலிருந்து வெளிவரும் வாசலிலேயே அவற்றை அடைப்பது இந்த ஊசி. 1905இலேயே ஜெர்மனியில் ஹூகோ செல்ஹைம் பயன்படுத்திய முறை. பின்னர் பல காலம் மறக்கப்பட்டு, 1979இல் ஈசன், வயாட் என்ற இருவரின் கட்டுரைக்குப் பிறகு மீண்டும் வழக்கத்துக்கு வந்தது. மார்பகப் பெரிய அறுவைக்கு 2020 பரிந்துரைகள் முதலிடம் தருவது இதற்குத்தான். நரம்பின் வேரிலேயே அடைப்பதால் விலாப்புறக் கிளையும் நெஞ்செலும்புக் கிளையும் ஒருசேர மரத்துப் போகின்றன. மார்பகத்தின் உட்பாதியிலும் வலி இருக்காது. ஓபியாய்டின் தேவை நன்றாகக் குறையும்.

அப்படியானால் எல்லோருக்கும் இதையே போட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். ஊசியின் முனை நிற்கும் இடத்துக்கும் நுரையீரலின் உறைக்கும் இடையே இருப்பது மில்லிமீட்டர் கணக்கிலான தூரம். ஸ்கேன் இல்லாமல் எலும்பைத் தடவிப் பார்த்துப் போட்ட காலத்தில், 1995இல் வெளியான ஒரு தொகுப்பில், நூற்றுக்குப் பத்துப் பேருக்கு ஊசி பலிக்கவில்லை; இருநூறில் ஒருவருக்கு நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிந்தது; நூற்றில் ஐவருக்குச் சற்றுக் குறைவானோருக்கு இரத்த அழுத்தம் இறங்கியது. ஸ்கேன் பார்த்தபடி போடும்போது ஆபத்து குறைகிறது, ஆனால் இல்லாமற்போவதில்லை. உட்கார்ந்தோ ஒருக்களித்தோ இருக்கும்போது முதுகில் போட வேண்டியிருப்பதால், சிலருக்கு விழித்திருக்கும்போதே போடுகிறோம். அந்தச் சில நிமிடங்கள் அச்சமூட்டுபவைதான். க்ளோபிடோக்ரல், வார்ஃபரின் போன்ற, இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கு இதைத் தண்டுவட ஊசிக்கு நிகரான எச்சரிக்கையோடு அணுக வேண்டும்; இரத்தம் கசிந்தால் விரலால் அழுத்தி நிறுத்த முடியாத ஆழம் அது. இரு மார்பகங்களுக்கும் ஒரே நாளில் அறுவை என்றால் இரு பக்க நுரையீரலையும் ஒருசேர ஆபத்துக்கு உள்ளாக்குகிறோம் என்பதால் நான் தயங்குவேன்.

இன்னொன்றும் உண்டு. மார்புத் தசைகளுக்கு நரம்பு வருவது கைக்குச் செல்லும் நரம்புக் கூட்டத்திலிருந்து என்று மேலே சொன்னேன். பாராவர்டெப்ரல் அதை எட்டாது. தசைக்கு அடியில் செயற்கை மார்பகம் பொருத்துபவர்களுக்குத் தசை இழுத்துப் பிடிக்கும் வலி எஞ்சியே இருக்கும்.

## பெக்ஸ் பிளாக்கும் செர்ரேட்டஸ் பிளாக்கும்

ரஃபேல் பிளாங்கோ என்ற மயக்கவியல் மருத்துவர் 2011இல் முதல் பெக்ஸ் முறையையும், 2012இல் அதை விரிவாக்கி இரண்டாம் பெக்ஸ் முறையையும், 2013இல் செர்ரேட்டஸ் முறையையும் விவரித்தார். பாராவர்டெப்ரல் போடத் தேவையான துணிவும் பயிற்சியும் இல்லாத இடங்களில்கூட நல்ல வலித் தணிப்பு கிடைக்க வழி செய்தது இது என்பதால், இந்த முறைமேல் எனக்குத் தனிப் பற்று உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை.

நோயாளி மல்லாந்து படுத்தபடியே, பெரும்பாலும் மயக்கத்தில் இருக்கும்போது போடப்படும் ஊசி இது. காறை எலும்புக்குக் கீழே ஸ்கேன் கருவியை வைத்தால், திரையில் பெரிய மார்புத் தசை, அதன் கீழே சிறிய மார்புத் தசை, அதற்கும் கீழே விலா எலும்பின்மேல் படிந்த செர்ரேட்டஸ் தசை என்று வாழைமரப் பட்டைகளைப்போல் அடுக்கடுக்காகத் தெரியும். ஊசியின் முனை வெள்ளிக் கோடாக உள்ளே வரும். சரியான இடுக்கில் நின்று மருந்தை அழுத்தினால், ஒட்டியிருந்த இரு பட்டைகள் மெல்லப் பிரிந்து நடுவில் கருநீர் தேங்குவதுபோல் தெரியும். தசைக்குள்ளேயே நின்றுவிட்டால் அப்படிப் பிரியாமல் சதை உப்பும். அந்தப் பிரிவைக் கண்ணால் பார்த்த பிறகே மீதி மருந்தைச் செலுத்துகிறோம். முதல் இடுக்கில் 10 மி.லி., இரண்டாவதில் 20 மி.லி. என்பது வழக்கமான அளவு.

முதல் இடுக்கு மார்புத் தசைகளின் நரம்புகளை மரக்கச் செய்கிறது. இரண்டாவது இடுக்கு, விலாப்புறக் கிளைகளையும் அக்குளுக்குப் போகும் நரம்பையும் எட்டுகிறது. மார்பகத்தை முழுதாக எடுத்து அக்குளைத் துப்புரவு செய்யும் அறுவைக்கு, அதாவது நம் ஊரில் இன்றும் பெருமளவில் நடக்கும் அறுவைக்கு, இந்தப் பரவல் மிகவும் பொருத்தமானது. 2020 பரிந்துரைகளும் பாராவர்டெப்ரலுக்கு மாற்றாக இதைத்தான் சொல்கின்றன. நுரையீரல் சற்றுத் தள்ளி இருக்கிறது. இரத்த அழுத்தம் பொதுவாக இறங்குவதில்லை. அறுவை நடக்கும் பகுதியிலேயே போடுவதால், இரத்தம் கசிந்தாலும் அழுத்தி நிறுத்தலாம்.

குறைகளும் உண்டு. நெஞ்செலும்பின் ஓரத்துக் கிளைகளை இது எட்டாது. கட்டி உட்பாதியில் இருந்தால் அங்கே வலி தெரியும், வேறொரு சிறு ஊசி சேர்க்க வேண்டியிருக்கும். செர்ரேட்டஸ் தசையை அசைக்கும் நீண்ட நரம்பும் தற்காலிகமாகச் செயலிழக்கக்கூடும். அக்குளில் வேலை செய்யும்போது அந்த நரம்பைத் தொட்டு, தசை துடிக்கிறதா என்று பார்த்துக் காப்பாற்றும் பழக்கமுள்ள அறுவை மருத்துவருக்கு அது இடைஞ்சல். திசுக்களுக்கிடையே மருந்து நீர் தேங்கியிருப்பதையும் சிலர் விரும்புவதில்லை. எனவே இது மயக்கவியல் மருத்துவர் மட்டும் எடுக்கும் முடிவு அல்ல. அறுவை மருத்துவரோடு முதல் நாளே பேசி எடுக்க வேண்டியது. அவர் முதல் இடுக்கை வேண்டாம் என்றால், அக்குளின் நடுக்கோட்டில் ஐந்தாம் விலாவருகே போடும் செர்ரேட்டஸ் பிளாக் ஒரு நல்ல இடைவழி. ஆனால் அது மார்புத் தசை நரம்புகளைத் தொடாது.

## எரெக்டர் ஸ்பைனே பிளாக்

2016இல் ஃபொரேரோவும் அவருடைய குழுவினரும் விவரித்த முறை. முதுகெலும்பின் பக்க முள்ளின்மேல், தசைக்கு அடியில் 20 முதல் 30 மி.லி. மருந்தைச் செலுத்துகிறார்கள். எலும்பே ஊசிக்குத் தடுப்பாக நிற்பதால் நுரையீரலைக் குத்தும் அச்சம் மிகக் குறைவு, கற்றுக்கொள்வதும் எளிது. இதன் பெயர் வேகமாகப் பரவியதற்குக் காரணம் அதுதான். ஆனால் மருந்து நரம்பு வேரை எந்த அளவுக்கு எட்டும் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது: ஒருவருக்கு அருமையாக மரத்துப் போகும், அடுத்தவருக்கு முதுகுத் தோல் மட்டும் மரக்கும். ஊசி போடாமல் இருப்பதைவிட நன்மை உண்டு. பாராவர்டெப்ரலோ பெக்ஸோ போட வழியிருக்கும்போது இதை முதல் தெரிவாக நான் எடுப்பதில்லை. மார்பின் முன்பக்கத் தோலில் புண்ணோ தொற்றோ இருந்து அங்கே ஊசி போட முடியாதபோது இது கைகொடுக்கும்.

## எந்த அறுவைக்கு எது

கீழே இருப்பது என் நடைமுறை. உங்கள் மருத்துவர் வேறுவிதமாகச் சொன்னால், அவர் பார்த்த உடல் உங்களுடையது என்பதை நினைவில் வையுங்கள்.

| அறுவை | முதலில் யோசிப்பது | இயலாவிட்டால் |
|---|---|---|
| கட்டி மட்டும் | காயத்தில் மரப்பு மருந்து, மாத்திரை | செர்ரேட்டஸ் |
| கட்டியோடு அக்குளில் ஓரிரு நெறிகட்டி | பெக்ஸ் அல்லது செர்ரேட்டஸ் | காயத்தில் மரப்பு மருந்து |
| முழு மார்பகம், அக்குள் துப்புரவு | பாராவர்டெப்ரல் அல்லது இரண்டாம் பெக்ஸ் | எரெக்டர் ஸ்பைனே |
| தசைக்கு அடியில் செயற்கை மார்பகம் | பெக்ஸ், தேவைப்பட்டால் பாராவர்டெப்ரலும் | பெக்ஸ் மட்டும் |
| இரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை நிறுத்த முடியாதவர் | பெக்ஸ் அல்லது செர்ரேட்டஸ் | காயத்தில் மரப்பு மருந்து |

## சீட்டில் எழுதாத செலவுகள்

மருந்துக் குப்பியின் விலை பெரிதல்ல. தனியார் மருத்துவமனையில் தனி ஊசி, ஸ்கேன் கருவிப் பயன்பாடு, மருத்துவர் கட்டணம் என்று பட்டியலில் தனி வரிகளாக வரக்கூடும். காப்பீட்டு நிறுவனம் அதை ஏற்குமா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அறுவைக்கென்று ஒரே தொகுப்புக் கட்டணம் என்பதால், இதற்கெனத் தனியாகப் பணம் கேட்டால் மருத்துவமனையில் இருக்கும் திட்ட அலுவலரிடம் சொல்லலாம்.

ஸ்கேன் கருவி ஏன் எல்லா அறுவை அரங்கிலும் இல்லை என்று பலர் கேட்கிறார்கள். விலை ஒரு காரணம். கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், நரம்பைப் பார்க்க மட்டுமே பயன்படும் கருவியையும் பதிவு செய்து, குறித்த இடத்தில், குறித்தவர்களே கையாள வேண்டும் என்பது இன்னொரு காரணம். சட்டத்தின் நோக்கம் மிக நியாயமானது. ஆனால் சிறு மருத்துவமனைகள் இந்த நடைமுறைக்கு அஞ்சிக் கருவியை வாங்காமலே இருந்துவிடுகின்றன. அப்படிப்பட்ட இடத்தில் ஆழமான பிளாக்கை வற்புறுத்திக் கேட்காதீர்கள்.

மூன்றாவது செலவு மருந்தின் மொத்த அளவு. பியூபிவக்கெய்னைப் பொதுவாக ஒரு கிலோ எடைக்கு 2 மில்லிகிராமுக்குள் வைத்துக்கொள்கிறோம். 45 கிலோ எடையுள்ள ஓர் அம்மாவுக்கு அது 90 மில்லிகிராம். 0.25 சதவீத மருந்தில் 30 மி.லி. பெக்ஸுக்குப் போட்டாலே 75 மில்லிகிராம் ஆகிவிடுகிறது. இதை அறியாமல் அறுவை மருத்துவர் காயத்தில் மேலும் 20 மி.லி. போட்டால் மொத்தம் 125. உதட்டிலும் நாக்கிலும் மரமரப்பு, காதில் இரைச்சல், பிறகு வலிப்பு, இதயத் துடிப்பில் தடுமாற்றம் என்று நஞ்சு ஏறும். மயக்கத்தில் இருப்பவரோ முதல் அறிகுறிகளைச் சொல்லவும் முடியாது. அந்த நஞ்சை முறிக்க 20 சதவீதக் கொழுப்புக் குழம்பு என்ற சொட்டு மருந்து அரங்கில் தயாராக இருக்க வேண்டும். 'இரண்டு ஊசியும் போட்டால் இன்னும் நல்லதுதானே' என்ற கேள்விக்கு இதுவே என் பதில்.

## இரண்டு வாக்குறுதிகளுக்காகத் தெரிவு செய்யாதீர்கள்

மரப்பு ஊசி போட்டால் புற்றுநோய் திரும்பாது என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் மருத்துவர்களிடமே இருந்தது. ஓபியாய்டும் அறுவையின் அதிர்ச்சியும் உடலின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கின்றன, ஆகவே பிளாக் காப்பாற்றும் என்பது அதன் தருக்கம். எட்டு நாடுகளில் 13 மருத்துவமனைகளில் 2,108 பெண்களை வைத்து நடந்த பெரிய ஆய்வு 2019இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது: பாராவர்டெப்ரல் பெற்றவர்களிலும் பெறாதவர்களிலும் நோய் திரும்பியோர் ஏறக்குறைய 10 சதவீதம்தான். அதே ஆய்வில் ஆறு மாதத்துக்குப் பிறகும் வெட்டிய இடத்தில் வலி இருந்ததாகச் சொன்னவர்கள் இரு பக்கத்திலும் 52 சதவீதம். ஓராண்டுக்குப் பிறகு அது ஊசி பெற்றவர்களில் 28, பெறாதவர்களில் 27 சதவீதம்.

சிறிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், பாராவர்டெப்ரல் நாள்பட்ட வலியை ஓரளவு குறைக்கக்கூடும் என்று எழுதியிருக்கிறார்கள். பெரிய ஆய்வு அதை உறுதிசெய்யவில்லை. அக்குள் நரம்பு அறுபட்டுவிட்டால் மேற்கையின் உட்புறத்தில் வரும் மரமரப்பையும் எரிச்சலையும் எந்த ஊசியாலும் தடுக்க முடியாது. ஊசி தருவது அமைதியான முதல் நாளை. வாந்தியில்லாத முதல் இரவை. மறுநாள் காலை தயக்கமின்றித் தோளை அசைக்கும் துணிவை. கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. வலிக்கு அஞ்சிக் கையை நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொள்பவருக்குத் தோள் இறுகிவிடும். பிறகு ரவிக்கையின் கையில் கையை நுழைப்பதற்கும் சொந்தத் தலையைப் பின்னிக்கொள்வதற்கும் ஆள் வேண்டியிருக்கும். கதிர்வீச்சு சிகிச்சைக்குக் கையைத் தலைக்குமேல் உயர்த்திப் படுக்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

## வீரியம் தீரும் நேரம்

ஒருமுறை போடும் ஊசி, மருந்துக்கும் ஆளுக்கும் ஏற்ப, பெரும்பாலும் 8 முதல் 24 மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். மெல்லிய குழாய் வைத்துத் தொடர்ந்து மருந்து செலுத்தும் முறை உண்டு. பெரிய மறுசீரமைப்பு அறுவைகளைத் தவிர மற்றவற்றுக்கு அதன் செலவும் பராமரிப்பும் தகாது என்பது என் கருத்து.

பல ஆண்டுகளுக்கு முன்பு நான் செய்த பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். ஓர் அம்மாவுக்கு முழு மார்பக அறுவை. ஊசி நன்றாகப் பலித்தது. மாலையில் இட்லி சாப்பிட்டார், கட்டிலில் சாய்ந்து பேத்தியோடு தொலைபேசியில் பேசினார், "வலியே தெரியலம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மருந்துக் குறிப்பில் நான் 'வலி இருந்தால் கொடுக்கவும்' என்று எழுதியிருந்தேன். வலி இல்லாததால் செவிலியர் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. இரவு 2 மணிக்கு ஊசியின் வீரியம் ஒரேயடியாக இறங்கியது. வலி உச்சத்துக்குப் போன பிறகு கொடுத்த மாத்திரை வேலை செய்ய ஒரு மணி நேரத்துக்குமேல் ஆனது. மறுநாள் காலை அவர் என்னைக் குறை சொல்லவில்லை. "ராத்திரி கொஞ்சம் கஷ்டமாப் போச்சு" என்று மட்டும் சொன்னார். தோள் பயிற்சிக்கு அன்று அவர் எழவில்லை.

அன்றுமுதல் அந்த வரியை நான் எழுதுவதில்லை. மாலை 6 மணி, இரவு 12 மணி, காலை 6 மணி என்று நேரத்தை எழுதுகிறேன். நள்ளிரவு மாத்திரைக்கு எழுப்ப வேண்டும் என்று உடனிருப்பவரிடம் நேரில் சொல்கிறேன். பாராசிட்டமாலின் அளவை எடைக்கேற்ப எழுதுகிறேன். 50 கிலோவுக்குக் குறைந்தவருக்கு ஆயிரம் மில்லிகிராம் வீதம் கொடுப்பதில்லை. முதல் இரண்டு நாட்களுக்கு வலி இருக்கிறதோ இல்லையோ குறித்த நேரத்தில் சாப்பிட வேண்டும். மரத்துப்போன பக்கத்தில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கக் கூடாது, சுட்டாலும் தெரியாது. மூச்சுத் திணறலோ, ஒருபக்க நெஞ்சில் குத்தும் வலியோ வந்தால் ஊசியின் வலி என்று விட்டுவிடாமல் உடனே சொல்ல வேண்டும்.

துண்டுச் சீட்டோடு வருபவர்களிடம் அதன் பின்பக்கத்தில் வேறு ஐந்து கேள்விகளை எழுதித் தருகிறேன். அக்குளிலும் அறுவை உண்டா? எந்த ஊசியை நீங்கள் அதிகம் போட்டுப் பழகியிருக்கிறீர்கள், ஸ்கேன் பார்த்துப் போடுவீர்களா? அறுவை மருத்துவரும் மரப்பு மருந்து போடுவாரா, மொத்த அளவை யார் கணக்கு வைப்பார்? நான் சாப்பிடும் மாத்திரைகளில் எதை, எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும்? இன்று இரவு 12 மணி மாத்திரையை யார் கொடுப்பார்கள்?